விட்டவற்றின் கணக்கு

பாதல் சர்க்காரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு பட்டியலிலிருந்துதான் தொடங்குகிறார்கள். நாடகாசிரியர், இயக்குனர், நடிகர், நாடகப் பயிற்சியாளர், நகரமைப்புப் பொறியாளர், எஸ்பெராண்டோவில் ஈடுபாடு கொண்டவர், அறுபது வயதைத் தாண்டியபின் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் மாணவராகச் சேர்ந்து 1992இல் ஒப்பிலக்கியத்தில் எம்.ஏ. வாங்கியவர். 2025 ஜூலையில் அவர் பிறந்து நூறாண்டு நிறைந்துவிட்டது. இனி அவரைப் ‘பன்முக ஆளுமை’ என்று ஒரு வரியில் சொல்லி அலமாரியில் வைத்துவிடுவது சுலபம்.

பட்டியலில் பொய் ஏதுமில்லை. ஆனால் பன்முகம் என்பது சேர்த்துக்கொண்டே போகிறவனுக்குப் பொருந்துகிற சொல். சர்க்கார் சேர்த்தவர் இல்லை. எதில் அவருக்குக் கை தேர்ந்ததோ அதை, கை தேர்ந்த வேளையிலேயே, விட்டுவிட்டு நகர்ந்தவர். சிரிப்பு நாடகத்தை விட்டார். இந்தியா முழுக்கப் பேர் வாங்கித் தந்த வசன நாடகத்தை விட்டார். மேடையை, விளக்கை, ஒப்பனையை, டிக்கெட்டை விட்டார். உத்தியோகத்தையும் விட்டார். இந்த விடுதல்களுக்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது. அந்த ஒழுங்கைக் கவனிக்காததால் அவரிடமிருந்து தமிழ் நாடகக்காரர்கள் எடுத்துக்கொண்டது அவருடைய மிகச் சிறிய பகுதியாகப் போயிற்று. இந்த இரண்டையும்தான் நான் இங்கே சொல்ல வருகிறேன்.

*

1925 ஜூலை 15 அன்று கல்கத்தாவில் பிறந்தார். சுதீந்திர சர்க்கார் என்பது பள்ளி ஏட்டுப் பெயர். பாதல் வீட்டில் கூப்பிட்ட பெயர். சிப்பூரில் உள்ள வங்காளப் பொறியியல் கல்லூரியில் சிவில் இஞ்சினியரிங் படித்தார். இளமையில் பொதுவுடைமைக் கட்சியில் இருந்து, பிறகு அதிலிருந்து விலகினார். நகரமைப்பு அவருடைய தொழிலாயிற்று. அந்தத் தொழில் அவரை லண்டனுக்கும் பிறகு நைஜீரியாவுக்கும் கொண்டுபோயிற்று. நகரம் என்பது என்ன, யார் எங்கே குடியிருக்க வேண்டும், சாலை யாருக்காக அகலமாகிறது என்பதையெல்லாம் வரைபடத்தில் பார்த்துச் சம்பளம் வாங்கிய மனிதர் என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பின்னால் இது உதவும்.

1956இல் எழுதிய முதல் நாடகமான ‘சொல்யூஷன் எக்ஸ்’ ஒரு ஹாலிவுட் படத்தைத் தழுவிய சிரிப்பு நாடகம். தொடர்ந்து ‘பரோ பிஷிமா’ (பெரிய அத்தை), ‘பல்லவ்பூரேர் ரூப்கதா’ (பல்லவ்பூரின் தேவதைக் கதை) போன்றவை. இவற்றைப் பயிற்சிக் காலத்துக் கிறுக்கல்கள் என்று தள்ளிவிடுகிற வழக்கம் உண்டு. 2022இல் அனிர்பன் பட்டாச்சார்யா ‘பல்லவ்பூ’ரைப் படமாக எடுத்தபோது அந்த நகைச்சுவை அறுபது ஆண்டுக்குப் பிறகும் வேலை செய்தது. கடன்காரர்களுக்குப் பயந்து பாழடைந்த அரண்மனையை விற்கப் பார்க்கிற ராஜா ஒருவனும் ஒரு பேயும் அதில் வருகிறார்கள். வசனத்தைத் தட்டித் தட்டிச் சிரிப்பை எழுப்பத் தெரிந்த கை அது. அதே வழியில் இன்னும் இருபது நாடகங்கள் எழுதி, தொழில்முறை மேடையில் காசு பார்த்து, வங்காளத்தின் செல்லப் பிள்ளையாக முதுமை எய்தியிருக்கலாம். முதலில் விட்டது இதை.

*

‘ஏவம் இந்த்ரஜித்’ (மற்றும் இந்திரஜித்) 1963இல் எழுதப்பட்டு, 1965இல் ‘பகுரூபி’ இதழில் வெளியாகி, அதே ஆண்டில் மேடையேறியது. கிரீஷ் கர்னாட் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். இந்தியில் சத்யதேவ் துபேயும் ஷ்யாமானந்த் ஜாலானும், கன்னடத்தில் பி.வி. காரந்தும் அதை எடுத்துக்கொண்டார்கள். மோகன் ராகேஷ், விஜய் டெண்டுல்கர், கர்னாட் ஆகியோரோடு நாலாவது பேராகச் சர்க்காரைச் சொல்வது இந்த நாடகத்துக்குப் பிறகுதான் வந்தது.

இதைப் பற்றி எழுதியவர்கள் அபத்தம், அந்நியமாதல், ஸிஸிஃபஸ், காம்யூ என்று நிறைய எழுதிவிட்டார்கள். நான் கவனிப்பது தொடக்கத்தில் வரும் ஒரு சின்ன விஷயத்தை. மேடையில் எழுத்தாளன் ஒருவன் எழுத முடியாமல் தவிக்கிறான். யாரைப் பற்றி எழுதுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. அரங்கில் தாமதமாக வந்து இடம் தேடும் நாலு பேரை மேலே கூப்பிடுகிறான். அமல், விமல், கமல் என்று மூவர் பேர் சொல்கிறார்கள். நாலாமவன் நிர்மல் என்கிறான். எழுத்தாளன் விடாமல் கேட்க, தன் உண்மைப் பேர் இந்திரஜித் என்று ஒப்புக்கொள்கிறான். ஏன் மறைத்தாய் என்றால், பயம். வரிசையிலிருந்து விலகித் தெரிவதில் உள்ள பயம்.

பாத்திரங்கள் டிக்கெட் வாங்கி உள்ளே வந்தவர்களிடமிருந்து எடுக்கப்படுகிறார்கள். படித்து, பரீட்சை எழுதி, உத்தியோகத்துக்கு விண்ணப்பித்து, கல்யாணம் செய்து, ஓய்வு பெறப்போகிற மத்தியதர வர்க்கம் தன்னையே மேடைக்கு அனுப்பிவிட்டுக் கீழே உட்கார்ந்து பார்க்கிறது. 1965இல் சர்க்கார் பார்வையாளனை மேடைக்கு ஏற்றினார். ஆறு ஆண்டு கழித்து நடிகனைத் தரைக்கு இறக்கினார். இரண்டும் ஒரே காரியத்தின் இரண்டு படிகள். ‘இருப்பியல்’ சர்க்கார் ஒருவர், ‘அரசியல்’ சர்க்கார் வேறொருவர் என்று அவரை இரண்டாக வெட்டிப் பார்க்கும் விமர்சனத்துக்கு இந்தத் தொடர்ச்சி புலப்படுவதே இல்லை.

‘பாக்கி இதிஹாஸ்’ (மீதி வரலாறு) இதை இன்னும் கடுமையாகச் செய்கிறது. ஷரத், வாசந்தி என்று ஒரு தம்பதி. அவன் கல்லூரி ஆசிரியன், அவள் கதை எழுதுகிறவள். தெரிந்தவரான சீதாநாத் தற்கொலை செய்துகொண்டதைப் பேப்பரில் பார்த்துவிட்டு, ஏன் செத்தான் என்று ஆளுக்கு ஒரு கதை கட்டுகிறார்கள். இரண்டு கதைகளும் நடித்துக் காட்டப்படுகின்றன. மூன்றாவது அங்கத்தில் செத்தவனே வந்து நிற்கிறான். மனிதன் மனிதனுக்குச் செய்த கொடுமைகளின் வரலாற்றை ஷரத் முன் விரித்துவைத்துக் கேள்வியைத் திருப்பிப் போடுகிறான்: நான் ஏன் செத்தேன் என்பதை விடு, நீ ஏன் உயிரோடிருக்கிறாய்? அதன் பிறகு வருவது பதவி உயர்வுச் செய்தி. நாடகம் முடிகிறது. எனக்குத் தெரிந்து இந்திய நாடகத்தில் ஒரு பதவி உயர்வு இவ்வளவு குரூரமாக எங்கும் வந்ததில்லை.

‘பக்லா கோடா’ (பைத்தியக் குதிரை) நாடகத்தில் சுடுகாட்டில் ஒரு பெண்ணின் சிதை எரிந்துகொண்டிருக்கிறது. காவலிருக்கும் நாலு ஆண்கள் சீட்டாடிக்கொண்டும் குடித்துக்கொண்டும், தங்களால் அழிந்த பெண்களின் கதைகளைச் சொல்கிறார்கள். ஹிரோஷிமாவை விசாரணைக்கு எடுக்கிறது ‘த்ரிம்ஷ ஷதாப்தி’ (முப்பதாம் நூற்றாண்டு). எல்லாமே விசாரணை நாடகங்கள். குற்றவாளி எப்போதும் நல்லவனாக, படித்தவனாக, சம்பளக்காரனாக இருக்கிறான். யாரையும் அவன் தன் கையால் கொன்றதில்லை. சும்மா இருந்தான், அவ்வளவுதான்.

*

இங்கேதான் சர்க்காருக்கு ஒரு சங்கடம் நேர்ந்திருக்க வேண்டும். குற்றம் சாட்டுகிற நாடகம் கைதட்டலோடு முடிகிறது. பார்வையாளன் இருட்டில் இருக்கிறான். இருட்டில் இருப்பவனைக் குற்றம் சாட்ட முடியாது. அவன் முகம் நடிகனுக்குத் தெரிவதில்லை, பக்கத்து நாற்காலிக்காரனுக்கும் தெரிவதில்லை. ஒரு நல்ல குற்ற உணர்ச்சியை அனுபவித்துவிட்டு, கொடுத்த காசுக்குச் சரியாகிவிட்டது என்று டிராமில் ஏறி வீட்டுக்குப் போகலாம். ‘பாக்கி இதிஹாஸ்’ நாடகத்தை 1967இல் சம்பு மித்ராவின் ‘பகுரூபி’ மிகச் சிறப்பாக மேடையேற்றியது. சிறப்பாக மேடையேறியதே பிரச்னையின் உச்சம் என்று எனக்குத் தோன்றுகிறது. ‘உன் நிம்மதி ஒரு குற்றம்’ என்ற செய்தியை இவ்வளவு நிம்மதியாக வாங்கிக்கொள்ள முடியுமானால் கோளாறு செய்தியிலா, அதைக் கொண்டு சேர்க்கும் வண்டியிலா?

1967இல் அவர் ‘சதாப்தி’ குழுவைத் தொடங்கினார். முதலில் வழக்கமான மேடையில்தான் நடித்தார்கள். 1969இல் சோவியத் நாடு, போலந்து, செக்கோஸ்லோவாக்கியா என்று ஒரு பயணம். லுபிமோவ், கிரோட்டோவ்ஸ்கி ஆகியோரின் அரங்கைப் பார்த்தார். 1972இல் அமெரிக்கா போய் ரிச்சர்ட் ஷெக்னர் போன்றவர்களின் வேலையைப் பார்த்தார். நடுவே, 1971 அக்டோபரில், கல்கத்தாவில் ஆசிரியர் சங்கக் கட்டடத்து ஹாலில் ‘ஸகினா மஹாதோ’வை மேடையில்லாமல் தரையில் நடித்தாயிற்று. 1972இல் ஓவிய அகாடமி கட்டடத்தின் மாடி அறையில் ‘அங்கன் மஞ்ச்’ (முற்ற மேடை) தொடங்கியது. ஹோவர்ட் ஃபாஸ்ட்டின் நாவலை வைத்துச் செய்த ‘ஸ்பார்ட்டகஸ்’ அங்கே பிறந்தது. சாட்டை கிடையாது, செட் கிடையாது. அடிமைகளின் உடம்பும் மூச்சும் முனகலும்தான். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவனின் முழங்காலை உரசிக்கொண்டு அடிமை விழுகிறான். விழுகிறவனின் வியர்வை நெடி முதல் வரிசைக்கு மட்டுமான சலுகை இல்லை. அங்கே எல்லாமே முதல் வரிசை.

இதை கிரோட்டோவ்ஸ்கியிடமிருந்து வந்தது என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். கிரோட்டோவ்ஸ்கியின் ‘ஏழை அரங்கு’ போலந்து அரசாங்கத்தின் மானியத்தில் நடந்த அரங்கு. அங்கே ஏழ்மை என்பது ஓர் அழகியல் விரதம். விரதம் இருப்பவன் வீட்டில் அரிசி இருக்கிறது. சர்க்காரின் ஏழ்மைக்கு அப்படி ஒரு பின்கட்டு இல்லை. ஹால் வாடகை, விளக்கு வாடகை, செட்டுக்கு மரம், பேப்பர் விளம்பரம், டிக்கெட் அச்சடிப்பு என்று ஒரு நாடகத்தின் செலவை எழுதிப் பார்த்தால், அதில் நடிகனுக்கும் பார்வையாளனுக்கும் இடையே உண்மையில் தேவைப்படுவது எது என்ற கேள்வி வருகிறது. ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போனால் கடைசியில் இரண்டு பேர் மிஞ்சுகிறார்கள்: நடிக்கிறவன், பார்க்கிறவன். நகரமைப்புக்காரரின் மூளை இப்படித்தான் வேலை செய்திருக்கும். எந்தச் சுவர் பாரத்தைத் தாங்குகிறது, எது வெறும் தடுப்பு என்று தட்டிப் பார்த்து இடிப்பது.

மேடையின் உயரம் முதல் சுவர். அதை இடித்தார். இருட்டு இரண்டாவது சுவர். விளக்கை எல்லோர் மேலும் போட்டார், அல்லது பகல் வெளிச்சத்துக்கு வந்தார். மூன்றாவதும் கடைசியுமான சுவர் டிக்கெட். இதை இடிக்க அவருக்கு இன்னும் சில வருஷம் பிடித்தது. நாடகம் முடிந்ததும் ஒரு துணியை விரித்துப் பிடிப்பது, முடிந்தவர் முடிந்ததைப் போடுவது என்று ஆயிற்று. காசு கொடுத்தவன் வாடிக்கையாளன், வாடிக்கையாளன் எப்போதும் திருப்திப்படுத்தப்பட வேண்டியவன். காசு கொடுக்காமல் பார்த்தவனுக்கு மட்டும்தான் கடன் மிச்சமிருக்கிறது. நாடகம் அவனிடம் ஏதோ விட்டுவைத்திருக்கிறது, அதை அவன் வேறெங்காவது தீர்க்க வேண்டும்.

கிராமத்துக் கூத்தும் ஜாத்ராவும் முதல் அரங்கு. ஐரோப்பாவிலிருந்து வந்த நகரத்துப் படச்சட்ட மேடை இரண்டாம் அரங்கு. இரண்டையும் தாண்டி, எடுத்துச் செல்லத்தக்கதாய், இடத்துக்கேற்ப வளைவதாய், செலவில்லாததாய் இருப்பது மூன்றாம் அரங்கு என்று அவர் வகுத்தார். 1978இல் அந்தத் தலைப்பிலேயே ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். இந்த மூன்று குணங்களில் ஒன்றுகூட நடிப்புப் பாணியைப் பற்றியதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மூன்றுமே செலவு, சுமை, இடம் பற்றியவை. ஒரு சாமான் கிடங்குக்காரர் எழுதக்கூடிய இலக்கணம்.

*

1974இல் வந்த ‘மிச்சில்’ (ஊர்வலம்) நாடகத்தில் பார்வையாளர்களின் இருக்கைகள் ஒரு நகரத்தின் சந்துகளைப்போல் வளைத்து வளைத்துப் போடப்பட்டன. ஊர்வலங்கள் அந்தச் சந்துகளில் போய்க்கொண்டே இருக்கின்றன. கோக்கா என்ற இளைஞன் கொல்லப்படுகிறான். நேற்றும் கொல்லப்பட்டான், நாளையும் கொல்லப்படுவான். யாரும் கொல்லப்படவில்லை என்று போலீஸ்காரன் சொல்கிறான். தொலைந்துபோன ஒரு கிழவன், வீட்டுக்குக் கூட்டிப்போகும் உண்மையான ஊர்வலத்தைத் தேடி அலைகிறான். முடிவில் நடிகர்கள் கைகோத்துக்கொண்டு பார்வையாளர்களையும் சேர அழைக்கிறார்கள்.

நக்ஸல் இளைஞர்கள் தெருவில் கொல்லப்பட்ட காலம் அது. கல்கத்தாவின் கர்சன் பார்க்கில் திறந்தவெளி நாடகங்கள் நடந்துகொண்டிருந்தன. அங்கே 1974 ஜூலையில் போலீஸ் தடியடியில் பிரபீர் தத்தா என்ற இளைஞர் இறந்தார். ‘மிச்சி’லை உருவகம் என்று சொல்கிறவர்கள் இந்தத் தேதியை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். டிக்கெட் இல்லாத அரங்கில் வாசல் காவலாளி கிடையாது, அதனால் யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம், போலீஸும் வரலாம். இந்த அரங்கின் விலையை அங்கே ஓர் உயிர் கொடுத்திருக்கிறது.

‘போமா’ 1976. சுந்தரவனத்து ரங்கபேலியாவில் தலைமையாசிரியராக இருந்த துஷார் காஞ்சிலால் வழியாகச் சர்க்காருக்குத் தெரியவந்த ஒரு காட்டு மனிதன் போமா. மரம் வெட்டிக் காட்டை வயலாக்கியவன்; அந்த வயல் அவனுடையதில்லை. நாடகத்தில் போமா வருவதே இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணால் குறிக்கப்பட்ட நகரத்து நடிகர்கள் அவனைப் பற்றிப் பேசுகிறார்கள், அவனைக் கேட்க முயல்கிறார்கள், பேச்சு மாறிப் போகிறார்கள், திரும்ப வருகிறார்கள். நகரம் சாப்பிடும் சோற்றுக்கும் போமா சாப்பிடாத சோற்றுக்கும் உள்ள உறவு மெல்ல மெல்லத் தெளிகிறது. சர்க்காரின் எல்லா நாடகங்களிலும் எனக்கு இதுவே உயர்ந்தது. ஏன் என்பதைக் கொஞ்சம் சுற்றித்தான் சொல்ல வேண்டும்.

*

சர்க்காருக்கு எதிரான வாதங்களில் இரண்டைப் பொருட்படுத்த வேண்டும்.

ஒன்று உத்பல் தத்தின் முன்னுதாரணம். 1959இல் ‘அங்கார்’ நாடகத்தில் மினர்வா தியேட்டர் மேடையில் சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுவதை தாபஸ் சென்னின் ஒளியமைப்பு காட்டியது. 1965இல் ‘கல்லோல்’ நாடகத்தில் கப்பற்படைக் கலகம் ஒரு கப்பலோடு மேடைக்கு வந்தது. பிறகு தத் ஜாத்ராவுக்குப் போனார். ஆயிரக்கணக்கான கிராமத்தார் பார்த்தார்கள். அரசியல் நாடகம் என்றால் கூட்டம் வேண்டும், கூட்டத்துக்குப் பிரம்மாண்டம் வேண்டும், அதற்குத் தொழில் வேண்டும் என்ற இந்தத் தர்க்கத்தை எளிதில் தள்ள முடியாது. தியஸாஃபிகல் சொசைட்டி ஹாலில் வெள்ளிக்கிழமைதோறும் கூடியவர்கள் எத்தனை பேர்? அவர்களிலும் எத்தனை பேர் ஏற்கெனவே மனம் மாறியவர்கள்? எண்பதுகளில் சர்க்காரும் தோழர்களும் ஊர் ஊராக நடந்துபோய் நடித்தார்கள் என்பது உண்மை. ஆனால் ஜாத்ராக் கொட்டகையின் கூட்டம் அவர்களுக்கு வாய்க்கவில்லை. அவர்கள் அதைத் தேடவுமில்லை. தன் முகம் மற்றவர்களுக்குத் தெரியும் என்ற நிலையில் ஒருவன் நாடகம் பார்க்க வேண்டுமானால் கூட்டம் ஓர் அளவுக்கு மேல் போகக் கூடாது. இது தெரிந்தே ஏற்ற இழப்பு. இழப்பு இல்லை என்று மட்டும் யாரும் சொல்லக் கூடாது.

இரண்டாவது வாதம் இன்னும் ஆழமானது. அதை வெளியிலிருந்து யாரும் சொல்ல வேண்டியதில்லை, அந்த அரங்கின் வரவுசெலவே சொல்கிறது. டிக்கெட் இல்லாத, சம்பளம் இல்லாத அரங்கு வேறெங்கோ கிடைக்கும் ஒரு சம்பளத்தின்மேல் நிற்கிறது. எழுபதுகளின் நடுவில் சர்க்கார் தன் உத்தியோகத்தை விட்டார். ஆனால் ஆபீஸும் பள்ளிக்கூடமும் முடிந்து மாலையில் ஒத்திகைக்கு வந்தவர்களால் விட முடியாது. நான் வங்கிக் கிளார்க். மாதம் பிறந்தால் சம்பளம் வரும் என்பதால்தான் காசு வராத இந்த விமர்சனத்தை எழுத முடிகிறது. இந்தப் பத்திரிகையும் யாரோ ஒருவரின் சம்பளத்தில்தான் அச்சாகிறது. தினக்கூலிக்காரன் வாரத்தில் மூன்று மாலை கூலியில்லாமல் ஒத்திகைக்கு வர மாட்டான், வர முடியாது. ஆக, இலவச அரங்கு என்பது மாதச் சம்பளக்காரர்களின் அரங்கு. போமாவுக்காக நடக்கிற நாடகத்தில் போமா நடிக்க முடியாது.

இதற்குச் சர்க்காரிடம் ஏதாவது பதில் உண்டா என்று தேடியபோதுதான் ‘போமா’வின் உருவம் எனக்குத் துலங்கியது. மேடையில் போமா இல்லை. அந்த வேஷத்தை எந்த நகரத்து நடிகனும் கட்டுவதில்லை. முகத்தில் கரியைப் பூசி, அரையில் துண்டைக் கட்டி, கொச்சை பேசி ஓர் ஏழையை நடித்துக் காட்டிக் கண்ணீர் வரவழைப்பது எவ்வளவு சுலபம்! நம் மேடையும் திரையும் அதில் கொழுத்தவை. சர்க்கார் அந்த இடத்தைக் காலியாக விட்டார். இந்த அரங்கு யாரால் நடத்தப்படுகிறது, யாரால் நடத்தப்பட முடியாது என்ற உண்மையே அந்தக் காலி இடம். பொருளாதாரத்தில் தீர்க்க முடியாததை உருவத்தில் ஒப்புக்கொண்டார். உருவம், உள்ளடக்கம் என்று நாம் அரை நூற்றாண்டாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். ஒரு நாடகத்தில் ஒருவன் வராமலிருப்பதே உருவமாகவும் உள்ளடக்கமாகவும் ஆவதற்கு இதைவிட எளிய உதாரணம் எனக்குத் தெரியாது.

இழந்ததையும் சொல்லிவிட வேண்டும். ‘பக்லா கோடா’வின் மனிதர்களுக்குப் பேச்சில் தனித் தனிக் குரல் இருந்தது. குடியும் கோழைத்தனமும் கொஞ்சம் காதலும் கலந்த குரல்கள். பின்னாலைய நாடகங்களின் ‘ஒன்று’, ‘இரண்டு’களுக்கு அது இல்லை. ஒருவன் வசனத்தை இன்னொருவன் சொன்னாலும் வித்தியாசம் தெரியாது. சந்தால் கலகத்தைப் பற்றிய ‘பாஸி கபர்’ (பழைய செய்தி) குழுவாகச் சேர்ந்து உருவாக்கப்பட்டது. அதில் தகவலின் உக்கிரம் உண்டு, ஆனால் எந்த ஒரு மனிதனும் நாடகம் முடிந்தபின் நம்மோடு வீட்டுக்கு வருவதில்லை. வசனக் கலைஞரான சர்க்கார் தன்னையே பலி கொடுத்தார். பலி பெரியது என்பதற்காக அதை லாபம் என்று எழுத முடியாது.

*

1980இல் சென்னையை அடுத்த சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் சர்க்கார் நடத்திய பட்டறை தமிழ் நவீன நாடகத்தில் ஒரு திருப்பம் என்று நம் நாடகக்காரர்கள் சொல்கிறார்கள். நான் பிறப்பதற்கு முந்தைய சமாசாரம். கூத்துப்பட்டறை, பரீக்ஷா, மதுரையின் நிஜ நாடக இயக்கம் ஆகியவை எழுபதுகளின் பிற்பகுதியிலேயே தோன்றிவிட்டன. சபா நாடகத் துணுக்குத் தோரணங்களிலிருந்து தப்பிக்க வழி தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்தப் பட்டறை ஒரு விடுதலையாக இருந்திருக்கும். மேடை வேண்டாம், செட் வேண்டாம், ஒரு மரத்தடி போதும் என்று கேட்டபோது ஏற்பட்ட உற்சாகத்தின் சூடு அதைப் பற்றிய எழுத்துகளில் இன்னும் இருக்கிறது.

நாம் எடுத்துக்கொண்டது எது? உடற்பயிற்சிகள். கைகோத்து வட்டமாகச் சுற்றுவது, பத்துப் பேர் சேர்ந்து ஒரு எந்திரமாவது, கோரஸாக ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வது, எல்லோருக்கும் ஒரே நிறத்தில் உடுப்பு. இவை ஒரு பாணியாக உறைந்தன. இன்று எந்தக் கல்லூரி வீதி நாடகத்தைப் பார்த்தாலும் இந்த எந்திரமும் இந்த வட்டமும் வந்துவிடும். செலவைக் குறைக்கக் கண்டுபிடிக்கப்பட்ட உத்திகள், செலவு ஒரு பிரச்னையாக இல்லாத விழாக்களில் அலங்காரமாக நிற்கின்றன. மூன்றாம் அரங்கில் பயிற்சி என்று அறிவித்து, தலைக்கு இவ்வளவு கட்டணம் என்று போட்டிருந்த ஒரு நோட்டீஸை நான் பார்த்திருக்கிறேன். நடத்தியவர்களுக்கு அதில் முரண் எதுவும் தெரியவில்லை.

கணக்கை நாம் எடுத்துக்கொள்ளவில்லை. 1984இல் சங்கீத நாடக அகாடமி, நாட்டார் வடிவங்களோடு பரிசோதனை செய்யும் இளம் இயக்குனர்களுக்கு நிதித் திட்டம் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு நம் சூழலில் பலரும் வேரைத் தேடிப் போனார்கள். வேர் தேடுவதில் குற்றமில்லை. தெருக்கூத்தைப் பற்றிய மரியாதையை மீட்டதில் ந. முத்துசாமி போன்றவர்களின் பங்கு பெரியது. ஆனால் மானியத்துக்குப் பின்னால் ஒரு நாடகத்தின் வடிவம் போவதும், ஒரு கேள்விக்குப் பின்னால் போவதும் ஒன்றல்ல. நாட்டார் கலையிலிருந்து ஆட்டத்தையும் பாட்டையும் பிய்த்தெடுத்து நகரத்து மேடையை அலங்கரிக்கச் சர்க்கார் மறுத்தார். கூத்தாடிக்கும் ஊருக்கும் உள்ள உறவை எடுத்துக்கொள்ள முடியுமா என்பதே அவருடைய கவலை.

கட்சி சார்ந்த வீதி நாடகங்கள் வேறொரு வகையில் அவரைத் தவறவிட்டன. அவற்றில் குற்றவாளி எப்போதும் வேறொருவன்: பண்ணையார், மந்திரி, முதலாளி, ஏகாதிபத்தியம். பார்க்கிறவர் எல்லோரும் நிரபராதிகள். தெருவுக்கு வந்தும் அந்த நாடகங்கள் பார்வையாளனை இருட்டில்தான் உட்கார வைக்கின்றன. சர்க்கார் தெருவுக்கு வந்தது எதிரியைக் காட்ட இல்லை. சீதாநாத் ஷரத்திடம் கேட்டானே, அந்தக் கேள்வியை வெளிச்சத்தில் வைத்துக் கேட்க வந்தார்.

*

1972இல் பத்மஸ்ரீயை வாங்கிக்கொண்ட சர்க்கார் 2010இல் பத்மபூஷணை மறுத்தார். ஏற்கெனவே கிடைத்த அங்கீகாரமே தனக்குப் போதும் என்பதுபோல் ஒரு சாதாரண காரணத்தைச் சொன்னார். வீரவசனம் எதுவுமில்லை. 2011 மே 13 அன்று கல்கத்தாவில் இறந்தார். மேற்கு வங்கத்தில் 34 ஆண்டு நடந்த இடதுசாரி ஆட்சி தேர்தலில் வீழ்ந்த செய்தியும் அதே நாளில் வந்தது. இதில் குறியீடு தேட எனக்கு விருப்பமில்லை. மறுநாள் பத்திரிகைகளில் முதல் பக்கம் யாருக்குப் போயிருக்கும் என்பதை யாரும் ஊகிக்கலாம்.

அவர் கட்டிவைத்த அரங்கம் எதுவும் இல்லை. நடித்த இடமெல்லாம் அடுத்தவர் ஹால், அடுத்தவர் பூங்கா, அடுத்தவர் களம். அவர் விட்டுவைத்தது இரண்டு கேள்விகளை. இந்த நாடகத்தில் குற்றவாளி யார்? இதற்குச் செலவு செய்வது யார்? இரண்டுக்கும் ஒரே பதில் வரும்வரை அவர் ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே போனார். நாடகம் என்று மட்டும் இல்லை. முந்நூறு பேருக்காக அச்சாகும் ஒரு பத்திரிகையில் எழுதுகிறவனுக்கும் வாசிக்கிறவனுக்கும் இந்தக் கேள்விகள் உண்டு. கவிதைக்கும் உண்டு. நாம் எதை விட்டோம் என்று ஒரு வரி எழுதச் சொன்னால் நம்மில் எத்தனை பேரிடம் எழுத ஏதாவது இருக்கும்?